அடுப்பை அணைத்த பாரிஸ்டர்

1893-ம் வருடம், ஆகஸ்ட் 22. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரம். காலை நேரம்.

இருபத்து மூன்று வயது இந்திய இளைஞன் ஒருவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தட்டில் என்ன? இரண்டு டேபிள் ஸ்பூன் கோதுமை, ஒரு ஸ்பூன் பட்டாணி, ஒரு ஸ்பூன் அரிசி, இரண்டு ஸ்பூன் உலர்ந்த திராட்சை, ஏறக்குறைய இருபது சின்னக் கொட்டைப் பருப்புகள், இரண்டு ஆரஞ்சு. பக்கத்தில் ஒரு கப் கோகோ.

'பரவாயில்லையே, நல்ல டிபன்தான்!' என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோதுமை வேகவைத்தது அல்ல. பட்டாணியும் அப்படித்தான். அரிசியும் அப்படியேதான். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வடித்து எடுத்தது. சமையல் முடிந்தது!

இளைஞன் மெல்ல ஆரம்பிக்கிறான். மெல்கிறான்... மெல்கிறான்... மென்றுகொண்டே இருக்கிறான். சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அன்றைய பொழுது முடிந்ததும் டைரியை எடுத்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் குறித்துவைக்கிறான். காலையில் நல்ல சுறுசுறுப்பு. சாயங்காலம் ஒரே சோர்வு. லேசாகத் தலைவலி வேறு.

இதற்கு இரண்டரை மாதம் முன்புதான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும், அவனைப் பெட்டியிலிருந்து கீழே தள்ளினார்கள். அந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம், சினிமாவில் பார்த்திருக்கிறோம்.

ஆனால், அதே மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி அதே வருடம் பச்சைக் கோதுமையை மென்று பல்வலி வாங்கிக்கொண்ட கதை அவ்வளவாக வெளியே வரவில்லை. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

காரணம் இருக்கிறது. 'அடுப்பே பத்த வைக்கிறதில்லீங்க. பால், மோர்கூடக் கிடையாது. முளைகட்டின பயறு, தேங்காய், பழம். மூணு மாசத்துல சர்க்கரை போயே போச்சு!' என்று சொல்கிற ஒருவராவது நம் தெருவில் இருக்கிறார். சமைக்காத உணவு, பால்கூடச் சேர்க்காத 'வீகன்' உணவு... இதெல்லாம் நேற்று முளைத்த ஃபேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். காந்தி இந்த இரண்டையும் ஐம்பது வருடம் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். ஜெயித்ததை எழுதினார். தோற்றதையும் எழுதினார்.

அந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

*

முதலில் லண்டன்.

1888-ல் சட்டம் படிக்கக் கப்பல் ஏறிய பையன், அம்மா புத்லிபாயிடம் மூன்று சத்தியம் செய்து கொடுத்திருந்தான். மது தொடமாட்டேன், மாமிசம் தொடமாட்டேன், அந்நியப் பெண்ணைத் தொடமாட்டேன். லண்டனில் இறங்கியதும் நடுவில் இருந்த சத்தியம்தான் ஆளைப் பாடாய்ப் படுத்தியது. காய்கறி என்றால் உப்புச் சப்பில்லாமல் வேகவைத்து வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்கக் கூச்சம். அரைவயிறும் கால்வயிறுமாக நாள் ஓடியது. சைவச் சாப்பாட்டுக்கடை எங்காவது தென்படாதா என்று தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தான்.

ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அது கிடைத்தது. சென்ட்ரல் ரெஸ்டாரன்ட். அதன் ஜன்னலில் புத்தகங்களும் விற்பனைக்கு இருந்தன. ஹென்றி சால்ட் என்பவர் சைவ உணவுக்காக வாதாடி எழுதிய சின்னப் புத்தகம். விலை ஒரு ஷில்லிங். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், இங்கிலாந்துக்கு வந்தபிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டான். புத்தகத்தையும் ஒரு வரி விடாமல் படித்து முடித்தான்.

அதுவரை அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சைவம். அன்றிலிருந்து தானே யோசித்துத் தேர்ந்தெடுத்த சைவம். இந்த வித்தியாசம் சின்னது போலத் தோன்றும். வாழ்க்கை முழுக்க வந்தது அதுதான்.

லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்தார் காந்தி. நிர்வாகக் குழுவிலும் இடம் கிடைத்தது. அந்தச் சங்கத்தின் தலைவர் ஏ.எஃப். ஹில்ஸ், சாதாரண ஆள் இல்லை. தேம்ஸ் நதிக்கரையில் பிரமாண்டமான கப்பல் கட்டும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். (அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக ஆரம்பிக்கப்பட்ட கால்பந்து அணிதான் பிற்பாடு 'வெஸ்ட் ஹாம் யுனைடெட்' ஆனது!)

ஹில்ஸுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. அதன் பெயர் 'உயிர்ச்சத்து உணவு'. பழம், கொட்டை, தானியம், பயறு எல்லாவற்றிலும் சூரியன் கொடுத்த உயிர்ச்சக்தி இருக்கிறது, அடுப்பில் ஏற்றினால் அது செத்துப்போய்விடும், அதனால் பச்சையாகவே சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றைக்குச் சமைக்காத உணவுக்காரர்கள் சொல்கிற அதே பேச்சு. நூற்று முப்பது வருடத்தில் வாசகம்கூடப் பெரிதாக மாறவில்லை.

இந்த சித்தாந்தத்தைத்தான் பிரிட்டோரியாவில் டைரியும் கையுமாகச் சோதித்துக்கொண்டிருந்தார் காந்தி.

*

டைரியில் நாளாக நாளாக என்ன ஆனது?

சாப்பிட்ட அரைநாளில் பசி கிள்ளியது. ஒரு ராத்திரி பசி தாங்காமல் இன்னும் கொஞ்சம் பட்டாணியைத் தின்றதில் தூக்கம் போயிற்று. காலையில் எழுந்தால் வாயெல்லாம் கசப்பு. ஒருநாள் தெம்பு, மறுநாள் தளர்ச்சி. கடினமான தானியத்தை மென்று மென்று பற்கள் வலிக்க ஆரம்பித்தன.

பதினோராம் நாள், செப்டம்பர் 1. எழுந்திருக்கும்போதே களைப்பு. உடம்பில் பலமே இல்லை. பல்வலி தாளவில்லை. போதும், சோதனையை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று எழுதிவிட்டார். அன்றைக்கு அவருடைய நண்பரும் வக்கீலுமான பேக்கருக்குப் பிறந்தநாள். அங்கே போய் ஒரு டீ குடித்தார். அப்பாடா! உயிர் வந்தது. மறுநாள் காலை பழைய சாப்பாடு: கஞ்சி, ரொட்டி, வெண்ணெய், ஜாம், கோகோ. உடம்பு எவ்வளவோ தேவலை என்று அதையும் டைரியில் குறித்துக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் இது ஓர் இளைஞனின் அசட்டுத்தனம். நாமும் மறந்திருப்போம். காந்தி என்ன செய்தார் தெரியுமா? அந்த டைரியை அப்படியே கட்டுரையாக்கி, ஹில்ஸின் ஆட்களே படிக்கிற 'தி வெஜிடேரியன்' பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். 1894 மார்ச்சில் அது அச்சில் வந்தது. தலைவர் சொன்னதைச் செய்து பார்த்தேன், எனக்குப் பல் வலித்தது, தலை வலித்தது, பதினோரு நாளில் விட்டுவிட்டேன் என்று தலைவரின் கூட்டத்துக்கே சொல்லத் தைரியம் வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பச்சை உணவே தப்பு என்று அவர் முடிவு கட்டிவிடவில்லை. அவசரக்காரர்கள் இதில் இறங்கக்கூடாது, இது மனுஷனை அமரன் ஆக்கிவிடாது என்கிற அளவோடு நிறுத்திக்கொண்டார். கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் போடவில்லை.

*

கதவு மறுபடி திறந்தது டால்ஸ்டாய் பண்ணையில்.

1910. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், 1,100 ஏக்கர். காந்தியின் ஜெர்மானிய நண்பர் ஹெர்மன் காலன்பாக் வாங்கிக் கொடுத்த இடம். சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அதில் கணிசமானவர்கள் தமிழர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதற்காகக் காந்தி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு படாதபாடு பட்டதும் அங்கேதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்ஸி எல்லோருக்கும் ஒரே சமையலறை. மாமிசம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று அங்கிருந்த கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களைக் கேட்டார். அவர்கள் சம்மதித்த பிறகுதான் பண்ணையில் சைவச் சமையல் வழக்கமானது.

அந்தச் சமயத்தில் கல்கத்தாவிலிருந்து சில பிரசுரங்கள் வந்தன. அங்கே மாட்டுக்காரர்கள் பால் கூடுதலாகக் கறப்பதற்காகச் செய்த 'பூக்கா' என்கிற கொடுமையைப் பற்றியவை அவை. பசுவின் பின்புற உறுப்புக்குள் காற்றை ஊதி, அது வலியில் துடிக்கிறபோது மடியில் மிச்சமிருக்கிற பாலையும் கறந்துவிடுவார்கள். படித்தபிறகு காந்திக்குப் பால் இறங்கவில்லை. பாலை விட்டால் என்ன என்று காலன்பாக்கிடம் பேச்செடுத்தார். காலன்பாக் உடனே தயார். 1912-ல் இருவரும் பாலை விட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. அடுப்பையும் விட்டார்கள். பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். தினசரிச் சாப்பாடு இதுதான். 'வீகன்' என்கிற வார்த்தையே பிறக்காத காலத்தில், பால் இல்லாத, சமையல் இல்லாத சாப்பாடு! சமைக்கிற வேலையும் மிச்சம், செலவும் குறைவு. உடம்பும் நன்றாகவே ஒத்துழைத்தது. 1893-ல் வேகாத அரிசியும் பட்டாணியும் தோற்ற இடத்தில், 1912-ல் பழமும் கடலையும் ஜெயித்தன.

ஜெயித்த சூட்டில், 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் உடம்பைப் பற்றி ஒரு தொடர் எழுதினார் காந்தி. 1913-ல் வந்த அந்தத் தொடரில் பால் வேண்டாம் என்று வாதாடினார். அது புத்தகமானது. பல மொழிகளுக்குப் போனது. அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தவற்றில் ஒன்றாகவும் ஆனது.

வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

*

1914-ல் லண்டனுக்கு வந்த காந்தியை நுரையீரல் உறை அழற்சி படுக்கையில் தள்ளியது. டாக்டர் ஜீவராஜ் மேத்தா பாலாவது குடியுங்கள் என்றார். கோகலேயும் வற்புறுத்திப் பார்த்தார். ம்ஹூம்! காந்தி மசியவில்லை.

அப்போது இன்னொரு டாக்டரையும் பார்த்தார். அவர் பெயர் ஆலின்சன். இவருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1891-ல் குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேசினார் என்பதற்காக இவரைச் சைவச் சங்கத்திலிருந்து வெளியேற்ற நினைத்தார் ஹில்ஸ். குடும்பக் கட்டுப்பாடு விஷயத்தில் காந்தியும் ஆலின்சன் கட்சி இல்லை. ஆனால், சைவம் சாப்பிடுகிறவருக்குச் சைவச் சங்கத்தில் இடம் இல்லையா என்று அவருக்காக எழுதி எடுத்துக்கொண்டு போனார். எழுந்து படிக்கக் கூச்சம்! வேறொருவர் படித்தார். ஆலின்சன் தோற்றார்.

இருபத்து மூன்று வருடம் கழித்து, அதே ஆலின்சன் காந்தியின் கட்டில் அருகே நிற்கிறார். பால் வேண்டாம் என்றார் அவர். தவிட்டு ரொட்டி, பழம், பச்சைக் காய்கறிகள் போதும். பீட்ரூட், முள்ளங்கி, வெங்காயம்... எதையும் வேகவைக்காதே, மெல்ல முடியாவிட்டால் துருவிச் சாப்பிடு என்று சீட்டு எழுதினார். மூன்று நாள்தான். பச்சைக் காய்கறி காந்தியின் வயிற்றுக்குச் சேரவில்லை.

அசல் அடி விழுந்தது 1918-ல். இந்தியாவுக்குத் திரும்பி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். முக்கியச் சாப்பாடு வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். அளவு மீறினால் ஆகாது என்று தெரிந்தே அளவு மீறினார். வயிறு லேசாகக் கெட்டது. அன்றைக்குப் பார்த்து ஏதோ பண்டிகை. கஸ்தூரிபாய் எண்ணெயில் செய்த கோதுமை இனிப்பும் பாசிப்பயறும் எடுத்துவைத்தார். ஆசை விடவில்லை. கொஞ்சம்தானே என்று சாப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் கடும் சீதபேதி. ஒரே நாளில் முப்பது நாற்பது தடவை. சாகப்போகிறோம் என்றே முடிவு செய்துவிட்டார்.

மாதக்கணக்கில் உடம்பு தேறவில்லை. 1919 ஜனவரியில் பம்பாயில் டாக்டர் தலால் சொன்னார்: பால் குடித்தால்தான் உடம்பு தேறும். விரதம் இருக்கிறதே என்றார் காந்தி. என்ன விரதம்? பசுக்களையும் எருமைகளையும் படுத்துகிற பாட்டைப் படித்துவிட்டு எடுத்தது. பக்கத்தில் நின்ற கஸ்தூரிபாய் சட்டென்று கேட்டார், அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று.

காந்தி வக்கீல்தான். ஆனால், அந்த அறையில் பாயிண்டைப் பிடித்தது கஸ்தூரிபாய்!

ரௌலட் சட்டம் வரப்போகிறது. அதை எதிர்த்துப் போராட உயிர் வேண்டும். காந்தி ஆட்டுப்பாலைக் குடித்தார். நாட்டு மக்களுக்கு அது காந்தியின் எளிமைக்கு அடையாளம். ஆடு ஒன்றைப் பக்கத்தில் கட்டி கார்ட்டூன் போடாத பத்திரிகை இல்லை. அவருக்கோ அது நெஞ்சில் தைத்த முள். விரதத்தின் வார்த்தை பிழைத்தது, உயிர் போய்விட்டது என்று 'சத்திய சோதனை'யில் மனம் நொந்து ஒப்புக்கொண்டார்.

அதே நூலில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பே எச்சரிக்கை என்றுதான். பழைய புத்தகத்தைப் படித்துவிட்டுப் பாலை விட்டவர்கள், அதனால் நன்மை தெரிந்தால் ஒழிய, அனுபவமுள்ள டாக்டர் சொன்னால் ஒழிய, அதில் பிடிவாதமாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தன் பெயரை நம்பி எங்கேயோ ஒருவன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறானோ என்கிற பயம் அது. டயட் புத்தகம் எழுதியவர்களில், நான் எழுதியதை நம்பி விபரீதத்தில் இறங்காதீர்கள் என்று பிற்பாடு தானே எழுதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

*

ஆனாலும் ஆசை போகவில்லை. முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட்டுப்பாலையும் விட ஒரு வழி கிடைக்காதா?

1929. ஆந்திராவில் சுற்றுப்பயணம். ராஜமுந்திரியில் கோபால ராவ் என்ற இயற்கை உணவுக்காரர் சமைக்காத உணவின் மகிமையைச் சொன்னார். காந்திக்குப் பழைய உற்சாகம் பற்றிக்கொண்டது. மே மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டார். வயது ஐம்பத்தொன்பது!

'யங் இந்தியா'வில் பட்டியலை வெளியிட்டார். ஒரு நாளைக்கு: முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த இனிப்பு பாதாம் 8 தோலா, இடித்த பச்சிலைக் கீரை 8 தோலா, எலுமிச்சம்பழம் ஆறு, தேன் 2 அவுன்ஸ். இதை இரண்டாகப் பிரித்து, முதல் வேளை காலை பதினோரு மணிக்கு, இரண்டாம் வேளை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு. நெருப்பு பட்டது குடிக்கிற தண்ணீர் மட்டும்.

ஒரு தோலா என்பது ஒரு ரூபாய் எடை. 8 தோலா ஏறக்குறைய 93 கிராம். கூட்டிப் பார்த்தால் நாள் முழுக்க ஆயிரம் கலோரியைச் சுற்றித்தான் வரும். ஊர் ஊராக அலைந்து, கூட்டங்களில் பேசி, கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதுகிற மனுஷனுக்கு இது எம்மாத்திரம்? போதாததற்கு, ஏழைகளின் சாப்பாட்டைத் தேடியவர் கையில் பாதாம். அதை எந்த ஏழை வாங்குவான்?

ஆசிரமத்திலும் பலர் சேர்ந்துகொண்டார்கள். டாக்டர்களையும் அனுபவஸ்தர்களையும் கருத்துச் சொல்லும்படி பத்திரிகையில் கேட்டார் காந்தி. கோடை போய் மழைக்காலம் வந்தது. ஆகஸ்டில் மறுபடியும் அதே சீதபேதி! முளைப்பயறு போயிற்று. ஆட்டுப்பால் திரும்பி வந்தது. அதையும் அதே 'யங் இந்தியா'வில் ஊரறிய அறிவித்தார்.

அந்த டிசம்பரில் லாகூர் காங்கிரஸ், பூரண சுயராஜ்யத் தீர்மானம். அடுத்த மார்ச்சில் தண்டி யாத்திரை. 24 நாள், 240 மைல். ஆகஸ்டில் அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தோல்வியை நேரத்தோடு ஒப்புக்கொள்வதும் ஒரு பலம்தான்.

*

சரி, ஏன் தோற்றது? இன்றைய அறிவை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1893-ல் தின்ற பச்சை அரிசியிலும் பட்டாணியிலும் இருக்கிற மாவுச்சத்து, நெருப்பில் இளகினால்தான் நம் குடலுக்குச் சுலபம். பச்சைப் பயறுகளில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருள்களும் உண்டு. வேகவைத்தால் அவை அழிகின்றன. முளைகட்டினால் ஓரளவு குறைகின்றன. ராஜ்மா போன்ற சில பயறுகளை முளைகட்டினாலும் பச்சையாகத் தின்னக்கூடாது. வாந்தி பிடுங்கி எடுத்துவிடும். பழமும் கடலையும் அப்படி இல்லை. டால்ஸ்டாய் பண்ணை ஜெயித்த ரகசியம் இதுதான்.

1929-ல் சிக்கல் வேறு இடத்தில் இருந்திருக்கலாம். பச்சைக் கீரையும் ஈரமான முளைப்பயறும் கிருமிகளுக்கும் விருந்து. காந்தி காலத்தை விடுங்கள். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஒரு பாக்டீரியா ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவ்வளவு சுத்தம் பார்க்கிற தேசத்திலேயே!

அப்படியானால் பச்சையாக எதையும் தொடக்கூடாதா? அதுவும் இல்லை. அதற்கு நம் குன்னூர் சாட்சி. 1920-களில் அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர், இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு (முழுக்கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, பால், பச்சைக் காய்கறி, பழம்) சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பட்டியலின் கடைசியில் நின்றது எந்தச் சாப்பாடு தெரியுமா? தீட்டிய அரிசியை நம்பிய நம் மதராஸ் சாப்பாடு! தவிட்டை எடுத்துவிட்டு, காய்கறியைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு அது ஒரு குட்டு.

காந்தியும் மெல்ல அந்த நடுவழிக்கே வந்து சேர்ந்தார். 1935-ல் வார்தாவின் மகன்வாடியில் தானாக முளைத்துக் கிடக்கிற கீரைகளையும், முள்ளங்கி, கேரட்டின் தலைக்கீரைகளையும் பறித்துச் சாப்பிட்டுப் பார்த்து 'ஹரிஜ'னில் எழுதினார். சோயா பீன்ஸும் சோதனைக்கு வந்தது. கொஞ்சம் பச்சை, மிச்சம் சமையல். காசில்லாதவனும் வேலியோரத்தில் பறிக்கக்கூடியது. பாதாம் பட்டியலைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால், பால்? 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உட்கார்ந்து, 'ஆரோக்கியத் திறவுகோல்' எழுதினார். செடிகொடிகளின் உலகத்தில் பாலுக்கு மாற்று எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்கிற நம்பிக்கை அப்போதும் போகவில்லை. தான் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1944 நவம்பரில், இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் பால், முட்டை எதுவும் தொடாதவர்களுக்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். 'வெஜிடேரியன்' என்கிற ஆங்கில வார்த்தையின் தலையையும் வாலையும் ஒட்டி 'வீகன்' என்று பெயர் வைத்தார்கள். காந்தியைத் தடுத்த அதே சுவரில் அவர்களில் சிலரும் மோதிக்கொண்டார்கள். வருடக்கணக்கில் பால் இல்லாமல் இருந்தவர்களுக்கு நரம்புக் கோளாறு, ரத்தசோகை.

அந்தச் சுவரின் பெயர் பி-12 வைட்டமின். பாக்டீரியாக்கள் மட்டுமே தயாரிக்கிற சத்து. பாலில், முட்டையில், மாமிசத்தில் இருக்கிறது. கீரையில், பயறில், பழத்தில் நம்பும்படியாக இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் பாலை விட்ட முதல் சில வருடங்களுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றும். அதுதான் ஆபத்து. இன்றைக்கு வீகன்கள் அதை மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். நன்றாகவே வாழ்கிறார்கள். வாட்சனே 95 வயதுவரை இருந்துவிட்டு 2005-ல்தான் போனார்.

பி-12-ஐ முதன்முதலில் பிரித்தெடுத்த வருடம் 1948.

அந்த வருடம் ஜனவரி 30-ல் காந்தி போய்விட்டார். ஐம்பது வருடம் தேடியதில் ஒரு முக்கியமான துண்டு, அவர் கண் மூடிய அதே வருடம் வெளியே வந்தது!

*

காந்தியின் கதையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாட்டைத் துன்புறுத்தலாமா என்பது ஒன்று. இந்தச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மனசாட்சி பதில் சொல்லும். இரண்டாவதற்கு உடம்புதான் பதில் சொல்ல வேண்டும். முதலாவது நியாயம் என்பதால் இரண்டாவதும் தானாகச் சரியாகிவிடும் என்று 1913-ல் காந்தி நம்பினார். 1918-ல் உடம்பு அவருக்குப் பாடம் நடத்தியது.

வீட்டில் இன்று முளைகட்டுகிறீர்களா? தாராளமாகக் கட்டுங்கள். நன்றாகக் கழுவுங்கள், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் ஒரு கொதி காட்டிக் கொடுங்கள். பாலை விடுகிறீர்களா? நல்ல மனசு. கூடவே டாக்டரைக் கேட்டு பி-12-க்கு வழி செய்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தெம்பாக இருந்த நாளை எழுதுகிற அதே பேனாவால், பல் வலித்த நாளையும் எழுதுங்கள். பிரிட்டோரியாவில் அந்த இருபத்து மூன்று வயதுப் பையன் எழுதினானே, அந்த மாதிரி.